கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

வயிறு மந்தம் என்று மருந்துக்கடையில் சொன்னால் கைக்கு வரும் செரிமான டானிக் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கப் பொடி எழுத்துகளில் பெப்சினுக்குப் பக்கத்தில் பல சமயம் ‘ஃபங்கல் டயஸ்டேஸ்’ என்ற பெயரும் இருக்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அது, பூஞ்சையிடமிருந்து வாங்கியது. பூசணம் பூத்த சோற்றை அப்படியே கொட்டிவிடும் வீடுகளிலும், சோறு செரிக்க வேண்டும் என்று பூசணத்தின் சுரப்பைக் கரண்டியில் ஊற்றிக் குடிக்கிறோம். இந்த மருந்தின் மூதாதை, 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஒரு பொடி. அதைச் செய்தவர் ஜோக்கிச்சி தகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர்.

தகாமினேயின் தாய்வழிக் குடும்பம் சாக்கே என்னும் அரிசி மது வடித்த குடும்பம். ஜப்பானில் வேகவைத்த அரிசியின் மேல் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்ப்பார்கள். இரண்டு நாளில் அரிசி முழுவதும் வெள்ளை வெல்வெட்டுபோல் இழை படர்ந்து, மணம் ஏறி நிற்கும். அதற்குக் கோஜி என்று பெயர். அரிசியின் மாவுச்சத்தைக் கோஜி சர்க்கரையாக்கும். பிறகு ஈஸ்ட் வந்து சர்க்கரையை மதுவாக்கும். மேற்கத்திய நாடுகளில் முதல் வேலையைச் செய்தது முளைகட்டிய பார்லி, அதாவது மால்ட். முளைகட்டுவதற்கு நாளும் இடமும் ஆளும் வேண்டும். மால்ட்டின் இடத்தில் பூஞ்சையை உட்கார வைக்கலாம் என்ற எண்ணத்தோடு தகாமினே 1890இல் அமெரிக்கா போனார். விஸ்கிக்குப் பெயர்போன இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் வேலை தொடங்கியது.

அங்கே அவர் எடுத்த ஒரு முடிவு இன்றுவரை பயன்படுகிறது. விலை கூடிய அரிசியை விட்டுவிட்டு, மாவு ஆலைகளில் கழிந்து விழும் கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்தார். மால்ட் வியாபாரிகள் கொதித்தார்கள், வடிசாலையில் தீப்பிடித்தது, விஸ்கித் திட்டம் குலைந்துபோனது. தகாமினே பூஞ்சையை விடவில்லை. பூஞ்சை படர்ந்த தவிட்டை நீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் ஆல்கஹால் சேர்த்தால் நொதி வீழ்படிவாக அடியில் இறங்கும். அதை உலர்த்திய பொடியை பார்க்-டேவிஸ் நிறுவனம் ‘டாக்கா-டயஸ்டேஸ்’ என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்றது. பூஞ்சை நொதித் தொழில் அந்தத் தவிட்டுத் தட்டுகளில் பிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

இதற்குப் பூஞ்சை ஏன் இவ்வளவு தோதானது? விலங்கு உண்டபின் செரிக்கிறது. பூஞ்சை செரித்தபின் உண்கிறது. அதற்கு வாயும் இல்லை, இரைப்பையும் இல்லை. மயிரிழையைவிட மெல்லிய இழைகளாக நீண்டு, இழை நுனிகளிலிருந்து நொதிகளை வெளியே சுரந்து, எதிரில் கிடக்கும் கட்டையோ தானியமோ துணியோ கரைந்த பிறகு அந்தக் கரைசலை உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்சாலைக்கு இதில் பெரிய ஆதாயம் உண்டு. வேண்டிய சரக்கு உயிரணுவுக்குள் பூட்டிக் கிடக்காமல் வெளியே நீரில் மிதக்கிறது. வடிகட்டினால் போதும்.

தவிட்டு முறைக்கு ஒரு தீராத வில்லங்கம் உண்டு: சூடு. வளரும் பூஞ்சை வெப்பத்தை வெளிவிடும். தவிடு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுக்கு சில அங்குலம் தடித்தாலே நடுப்பகுதி வெந்து பூஞ்சை செத்துவிடும். ஆகவே உற்பத்தியைப் பெருக்க வேண்டுமானால் தட்டுகளையும் அறைகளையும் ஆட்களையும் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். இதற்கு வழி திறந்ததும் அதே பியோரியா நகர்தான். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த அமெரிக்க வேளாண்துறை ஆய்வகம் பெனிசிலின் பூஞ்சையைக் காற்று ஊட்டப்படும் நீர்க்கலனுக்குள் மூழ்கடித்து வளர்க்கப் பழக்கியது. 1943இல் உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த, பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றுதான் அதற்கு நல்ல வித்தைத் தந்தது. போருக்குப் பிறகு அந்தக் கலன்முறை நொதித் தொழிலுக்கும் பரவியது. திடநிலை நொதித்தல் எனப்படும் தவிட்டு முறை அதனால் அழிந்துவிடவில்லை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் திருவனந்தபுரத்தின் தேசிய ஆய்வகமும் திடநிலை நொதித்தலில் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. தவிடும் பிண்ணாக்கும் மரவள்ளித் திப்பியும் மலிவாகக் கிடைக்கும் நாட்டுக்கு அது இன்னும் பொருந்தும் முறை. கிடைத்த கவனம்தான் போதவில்லை.

கலன்முறையின் முழு வலிமையையும் காட்டிய பூஞ்சை பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் தென் பசிபிக்கின் ஈரத்தில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள், தோட்டாப் பட்டைகள், உடைகள் எல்லாம் மாதக்கணக்கில் நைந்து கிழிந்தன. எந்த உயிர் இதைச் செய்கிறது என்று அறிய, படையின் தளவாடப் பிரிவு அழுகிய துணிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சேகரித்தது. சாலமன் தீவுத் தொடரின் போகன்வில் தீவில், மக்கிய பருத்திக் கித்தானிலிருந்து எடுத்த ஒன்றுக்கு கியூஎம் 6ஏ என்று எண்ணிட்டார்கள். கியூஎம் என்பது தளவாடப் பிரிவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் படை ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் பல்லாண்டு இதோடு வாழ்ந்தார்கள்.

முதலில் இதை டிரைக்கோடெர்மா விரிடி என்றே அடையாளம் கண்டார்கள். அந்தப் பெயர் தமிழக உழவர்களுக்குப் பழக்கமானது. வேரழுகலைத் தடுக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து நேர்த்தி செய்யும் பொடி அது. கியூஎம் 6ஏ அதே இனத்தது அல்ல, உறவுக்காரன் என்பது பிறகு தெரிந்தது. 1977இல் ரீஸின் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டார்கள்.

பருத்தி என்பது ஏறக்குறையத் தூய செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோர்த்த நேர்ச்சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, படிகம்போல் இறுகிக் கிடக்கும். அதனால்தான் வேட்டியைத் தண்ணீரில் எத்தனை முறை துவைத்தாலும் கரைவதில்லை. டிரைக்கோடெர்மா இதை உடைக்கக் கூட்டாளிகளை அனுப்புகிறது. ஒரு வகை நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். அறுந்த முனையைப் பிடிக்கும் இன்னொரு வகை, நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கிக்கொண்டே நகரும். மூன்றாவது, அந்த இரட்டையைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸ் ஆக்கும். இரண்டாவது வகைதான் பூஞ்சை சுரக்கும் புரதத்தில் பெரும்பங்கு. அதன் வெட்டுமிடம் ஒரு சுரங்கப்பாதைபோல் இருக்கிறது என்பதும், செல்லுலோஸ் சங்கிலி அதற்குள் நூல்போல் நுழைகிறது என்பதும் 1994இல் தெரியவந்தன. 2011இல் டோக்கியோவில் கியோஹிகோ இகராஷியின் குழு அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் இந்த நொதிகள் செல்லுலோஸ் மேல் ஊர்வதைப் படமாகவே எடுத்தது. முன்னால் போனது எதிலோ சிக்கி நின்றால் பின்னால் வருபவை வரிசைகட்டி நிற்கின்றன. மேடு தேய்ந்து வழி விட்டதும் எல்லாம் மறுபடி நகர்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, துணி மக்குவது என்பது எவ்வளவு உழைப்பான வேலை என்று புரியும்.

இனி இந்தத் தொழிலின் மையமான சிக்கலுக்கு வரலாம். பூஞ்சை கஞ்சன். நொதி செய்வதற்குப் புரதம் செலவாகும். எளிதில் உறிஞ்சக்கூடிய குளுக்கோஸ் பக்கத்தில் இருந்தால் செல்லுலேஸ், அதாவது செல்லுலோஸை உடைக்கும் இந்த நொதிகளை, செய்வதை அது நிறுத்திவிடும். ஆனால் குளுக்கோஸ் இல்லாமல் கலன் நிறைய வளர்ப்பதும் பாடு. செல்லுலோஸ் தூளையே உணவாகக் கொடுக்கலாம்; அது கரையாது, குழாயை அடைக்கும், பூஞ்சையும் அதை மெதுவாகவே தின்னும். பூஞ்சையை வளர்ப்பதைவிட அதன் பசியைக் காப்பதுதான் இங்கே பெரும்பாடு.

நேட்டிக்கில் இதற்குள்ளேயே ஒரு புதிர் தலைநீட்டியது. தூய குளுக்கோஸ் கொடுத்தால் செல்லுலேஸ் வரவில்லை. கடைச்சரக்கான, அவ்வளவு சுத்தமில்லாத குளுக்கோஸ் கொடுத்தால் வந்தது. அழுக்கில் என்ன இருக்கிறது என்று மாண்டெல்ஸும் கூட்டாளிகளும் துருவித் தேடி, 1962இல் சோஃபரோஸ் என்ற அரிய இரட்டைச் சர்க்கரையைப் பிடித்தார்கள். மிகச் சிறு அளவு போதும். ‘பக்கத்தில் செல்லுலோஸ் இருக்கிறது’ என்ற சேதியாகப் பூஞ்சை அதை எடுத்துக்கொண்டு சுரக்கத் தொடங்கிவிடும். சோஃபரோஸ் விலை எட்டாதது. பால் தொழிலில் மிஞ்சும் லாக்டோஸும் இதே வேலையை ஓரளவு செய்வதால் ஆலைகளில் அது புழங்கியது.

மற்றொரு வழி, பூஞ்சையின் கஞ்சத்தனத்தையே கெடுப்பது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, காகிதத்தையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கி எரிபொருள் வடிக்கலாம் என்ற ஆசை எழுந்தது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிளாண்ட் மான்டெனகோர்ட்டும் டக்ளஸ் எவ்லியும் கியூஎம் 6ஏ வித்துகளைப் புற ஊதாக் கதிரிலும் மரபுப்பிறழ்வு உண்டாக்கும் வேதிப்பொருளிலும் வாட்டி எடுத்தார்கள். பிறகு செல்லுலோஸ் தூவிய தட்டில், குளுக்கோஸ் போலவே தோன்றும் ஆனால் உணவாகாத ஒரு போலிச் சர்க்கரையைக் கலந்து அவற்றை விதைத்தார்கள். சாதாரணப் பூஞ்சை அந்தப் போலியைக் கண்டு ஏமாந்து நொதியை நிறுத்திவிடும். ஏமாறாத ஒன்றிரண்டு மட்டும் தம்மைச் சுற்றிச் செல்லுலோஸைத் தின்று, மங்கிய தட்டில் தெளிந்த வட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அப்படி அகப்பட்டது ரட் சி-30. குளுக்கோஸைக் கண்டால் நொதியை அணைக்கச் சொல்லும் மரபணு இதில் பாதியில் அறுந்து கிடக்கிறது என்று 1996இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணம் தெரியாமலேயே, ஒரு தட்டின் வெளிர்வட்டத்தை நம்பிச் செய்த தேர்வு அது. 2008இல் டிரைக்கோடெர்மாவின் முழு மரபுத்தொகுதியும் வெளிவந்தபோது, மற்றப் பூஞ்சைகளைவிட இதில் செல்லுலோஸை உடைக்கும் மரபணுக்கள் குறைவு என்று தெரிந்து பலரும் வியந்தார்கள். ஆயுதம் கொஞ்சம், சுரக்கும் அளவுதான் மலை.

எவ்வளவு மலை? நல்ல தொழில்துறை வகைகள் ஒரு லிட்டர் திரவத்தில் 100 கிராம் புரதத்தைச் சுரப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் புரதச் செறிவு கிட்டத்தட்ட அதே அளவுதான். இதற்கு ஆலைகள் கையாளும் உத்தி, சொட்டுச் சொட்டாக ஊட்டுவது. பூஞ்சை முதலில் போதுமான அளவு வளரும்வரை சர்க்கரை தாராளமாகக் கிடைக்கும். பிறகு ஊட்டும் வேகத்தைக் குறைத்து, வந்த சர்க்கரை வந்த கணமே தீர்ந்துபோகும்படி பல நாள் நடத்துவார்கள். சாவதற்கும் கொழுப்பதற்கும் நடுவில் நிறுத்திவைப்பது.

கலனுக்குள் இன்னொரு போராட்டம் உண்டு. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் திரவம் நாள் போகப் போகக் கெட்டியாகி, ஆறிய கேழ்வரகுக் கூழ்போல் ஆகிவிடும். கூழுக்குள் காற்றுக் குமிழி ஏறாது. ஆக்ஸிஜன் இல்லாமல் பூஞ்சை சுரக்காது. துடுப்பை வேகமாகச் சுழற்றினால் மின்கட்டணம் ஏறும், இழையும் அறுபடும். நொதியின் விலையில் ஒரு கணிசமான பங்கு இந்தக் கிளறுதலுக்குத்தான் போகிறது.

கூழாகாத பூஞ்சை ஒன்று கிடைத்த கதை ஜீன்ஸ் துணியில் தொடங்குகிறது. மார்க் எமால்ஃபார்ப் 1979இல் தொடங்கிய டையாடிக் நிறுவனம், டெனிம் ஆடைகளை வெளுத்துத் தேய்ந்த தோற்றத்துக்குக் கொண்டுவர இயந்திரத்தில் போடும் நுரைக்கற்களை விற்றது. கல் இயந்திரத்தைத் தேய்க்கும், துணியைக் கிழிக்கும், பைகளுக்குள் மணலாகத் தங்கும். கல் செய்வதைச் செல்லுலேஸ் செய்யும் என்று தெரிந்த பிறகு, அந்த நிறுவனம் ரஷ்ய ஆய்வாளர்களோடு சேர்ந்து பூஞ்சை தேடப் போனது. ரஷ்யாவின் காரமண்ணில் கிடைத்த ஒன்றுக்கு முதலில் சூட்டிய இனப்பெயர் கிரைசோஸ்போரியம் லக்னோவென்ஸ். லக்னோ ஊரின் பெயர் அதில் இருக்கிறது. வகைப்பாடு பிறகு மாறிவிட்டது. அதைப் பிறழ்வுக்கு உள்ளாக்கித் தேர்ந்தபோது, இழைகள் குட்டையாகி, திரவம் நீர்த்தே இருக்கும் ஒரு வகை வந்தது. கிளறும் செலவு சட்டென்று இறங்கியது. 2015இல் டூபான்ட் இந்தத் தொழில்நுட்பத்தின் தொழில்துறைப் பகுதியை 7.5 கோடி டாலருக்கு வாங்கியது.

திருப்பூரில் இந்த நொதிகளுக்கு வீட்டுப்பெயர் உண்டு: பயோ வாஷ். பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர், நாலு துவையலில் உருண்டு மணிமணியாகத் திரண்டு ஆடையைப் பழசாக்கிவிடும். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச் 5 அளவில் வைத்து, 50 முதல் 55 டிகிரிச் சூட்டில் செல்லுலேஸ் ஊற்றி முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓட்டினால் பிசிரின் வேர் நைந்து, துணி துணியோடு உராயும்போது உதிர்ந்துவிடும். எடையில் 3 முதல் 5 சதவீதம் போகும். அதற்குமேல் போனால் ஆபத்து. நொதிக்குப் பிசிருக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றியோ சோடா போட்டோ அதை அணைக்க மறந்தால் துணியின் வலு குறைந்து, தையலில் கிழியும். கூடாரத்தைத் தின்ற அதே பசிதான், ஒரு மணி நேரம் மட்டும் அனுமதிக்கப்படுகிறது.

அங்கே அதைவிடப் பெரிய உபகாரம் செய்தது வேறொரு பூஞ்சை நொதி என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. துணியைப் பெராக்சைடில் வெளுத்த பின், எஞ்சிய பெராக்சைடு இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அதைப் போக்கத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். பட்டறைகளில் ‘பெராக்சைடு கில்லர்’ என்று கேட்டு வாங்கும் கேட்டலேஸ் நொதி, பெராக்சைடை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடும், அலசல்கள் குறையும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை இதன் முக்கிய மூலங்களில் ஒன்று. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயநீர் கெடுத்ததன் விளைவாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்க வேண்டிய ஊரில், ஒரு அலசல் மிச்சமானால் அது வெறும் தண்ணீர் மிச்சம் அல்ல. சவ்வூடு வடிகட்டி ஆவியாக்கும் மொத்தச் செலவும் மிச்சம்.

ஒரு பூஞ்சை செய்வதை இன்னொன்றிடம் செய்யச் சொல்வது 1980களில் சாத்தியமானது. கொழுப்புக் கறையை எடுக்கும் லைப்பேஸ் ஒன்று வெப்பம் விரும்பும் ஒரு பூஞ்சையிடம் இருந்தது. ஆனால் அது சுரப்பது விற்பனைக்குக் காணாது. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் அந்த மரபணுவைக் கோஜி பூஞ்சைக்குள் வைத்து, 1988இல் சலவைத்தூளுக்கான ‘லைப்போலேஸை’ வெளியிட்டது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்து வந்த, பாலை உறையவைக்கும் கைமோசினும் இப்படியே கருப்புப் பூஞ்சைக்குக் குடிபெயர்ந்தது. முதலில் பூஞ்சை அந்த அந்நியப் புரதத்தை மிகச் சிறிதளவே வெளியே விட்டது. பூஞ்சை தாராளமாகச் சுரக்கும் அதன் சொந்த நொதி ஒன்றோடு கைமோசினை ஒட்டி அனுப்பியதும், சொந்தக்காரன் தோளில் ஏறி விருந்தாளியும் வாசல் கடந்தான். கடைகளில் சீஸ் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி போட முடிவது இதுபோன்ற நுண்ணுயிர் நொதிகளால்தான்.

வைக்கோலிலிருந்து எரிபொருள் என்ற பழைய ஆசைதான் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை. இத்தாலியின் கிரெசென்டினோவில் 2013இலும், கான்சஸின் ஹியூகோட்டனில் 2014இலும், அயோவாவின் நெவாடாவில் 2015இலும் பெரிய ஆலைகள் திறந்தன. 2017 முடிவதற்குள் மூன்றும் நின்றன. கச்சா எண்ணெய் விலை சரிந்தது ஒரு காரணம். மண்ணும் கல்லும் கலந்து வரும் தாளைக் கையாள்வது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது இன்னொன்று. செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டிப் பொருள் பூசிக் கிடப்பதால் முதலில் அமிலமும் நீராவியும் கொண்டு அதைப் பிளக்க வேண்டும். பிறகும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குத் தேவைப்படும் நொதி, மக்காச்சோள மாவை உடைக்கத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு. 2022 ஆகஸ்ட் 10 அன்று அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் நெல்தாளிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். தஞ்சை வட்டாரத்தில் வைக்கோல் மாட்டுக்குப் போகிறது; பஞ்சாப், அரியானா வயல்களில் அது எரிந்து தில்லியின் காற்றில் கலக்கிறது. அதனால் இந்த முயற்சி தோற்கக் கூடாது என்று விரும்புவதற்கு லாபக்கணக்கு மட்டுமே காரணம் அல்ல.

டிரைக்கோடெர்மாவை இனி எப்படி மேம்படுத்துவது? ஆலைகளில் ஓடும் டிரைக்கோடெர்மா ரீசி வகைகள் போகன்வில் கித்தானில் கிடைத்த அந்த ஒற்றை உயிரின் வாரிசுகள். கதிரும் வேதிப்பொருளும் கொண்டு காயப்படுத்திக் காயப்படுத்தித்தான் அவற்றைத் திருத்த முடிந்தது. இந்தப் பூஞ்சை கலவி செய்யாது என்றே நம்பியிருந்தார்கள். 2009இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காட்டிலிருந்து எடுத்த எதிர்ப்பால் வகைகளோடு வைத்தால் கியூஎம் 6ஏ கூடி வித்துக்கனி தருகிறது என்று காட்டினார்கள். ஆனால் ஆண் பங்கை மட்டுமே அது ஏற்கிறது, தாயாக முடியவில்லை. பழுது ஹாம்-5 என்ற மரபணுவில் இருப்பது பிறகு தெரிந்தது. அதைச் சீராக்கிய வகைகளைக் கொண்டு, நெல்லையும் மாட்டையும் போலப் பூஞ்சையையும் ஒட்டுக்கலப்பில் வளர்க்கும் வேலை ஆய்வகங்களில் தொடங்கியிருக்கிறது.